பார்டர் போன வழி

11 ஜூலை 2005, திங்கள்

காலையிலேயே பட்டு வியாபாரி சுப்பராயலு வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இன்னாம்மா இது? எனக்குப் போட்டுக் குடுத்த மயில் பார்டர் காஞ்சிபுரத்துக் கடையில தொங்கிகினு இருக்குது! இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா நான் வேற இடம் பாத்துக்கறேன்."

எங்கள் டிசைன் சென்டருக்கு வரும் வேலையில் பாதி அவருடையது. இங்கே கம்ப்யூட்டரில் பார்டர் வரைவது நானும் பரிமளாவும் மட்டும். வெளியே கொடுத்தது நான் இல்லையென்றால்?

எழுதிவிட்டுப் பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது. சென்டர் தொடங்கிய நாளிலிருந்து என்னோடு இருக்கிறவள்.

13 ஜூலை, புதன்

பெங்களூரில் நெட்வொர்க் வேலையில் இருக்கும் தம்பி புஷ்பதந்தனுக்குப் போன் செய்தேன். ஞாயிறன்று வந்து ஒரு ப்ரோக்ராம் போட்டுத் தருகிறானாம். "நம்ம லைன்ல போறது வர்றது எல்லாத்தையும் பிரிச்சுக் காட்டும்க்கா. யாரு இன்னா அனுப்பறாங்கன்னு தெரிஞ்சிடும்."

பரிமளாவிடம் மூச்சு விடாதே என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

17 ஜூலை, ஞாயிறு

என் அறைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டான். டிசைன்கள் இருப்பதும் அதில்தான். திரையில் வரிவரியாக ஓடுகிறது. ஒவ்வொரு வரியும் ஒரு பாக்கெட் — லைனில் போகும் தகவலின் சின்னப் பொட்டலம். கேபிள்காரர் கொடுத்த இன்டர்நெட் என்பதால் அக்கம்பக்கத்துக் கடைகளின் பொட்டலங்களும் வந்து விழுகின்றன. எல்லாவற்றையும் அது பிரித்துப் படிக்கிறது.

19 ஜூலை, செவ்வாய்

பரிமளா செய்யாற்றிலிருக்கும் தங்கைக்கு மெயில் அனுப்பியிருக்கிறாள். மாமியாரைப் பற்றிப் புலம்பல். முழுவதும் படித்தேன். வெட்கமாக இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

மாலையில் ப்ரோக்ராமை ஓடவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடிக்கும் சமண வீட்டுக்காரி நான். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுவேன் என்று ஆரணிக்கே தெரியும். திருடுகிறவளுக்கும் தெரிந்திருக்கும். அதன்பிறகு கொஞ்ச நேரம் பரிமளா தனியாக இருந்து வேலையை முடித்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போவாள்.

22 ஜூலை, வெள்ளி

டிசைன் நெய்யும் ஜக்கார்டு தறிக்குத் துளை அட்டை அடிக்கும் தருமனிடம் அன்னப்பட்சி டிசைனைக் கொண்டுபோனேன். பார்த்ததும் சிரித்தார். "யம்மா, இதையே நேத்து வேற ஒருத்தர் குடுத்துட்டுப் போனாரே. ஒரே பொண்ண ரெண்டு மாப்ளைக்குக் காட்றீங்களா?"

யார் கொடுத்தது என்று கேட்டேன். "அத்த மட்டும் கேக்காதீங்க. நாளைக்கு உங்க டிசைன் யாருதுன்னு அவுரு கேட்டா நான் சொல்லுவனா?"

வந்து ப்ரோக்ராமைப் பார்த்தேன். புதன்கிழமை, நான் கிளம்பிய பிறகு, ஒரு பெரிய ஃபைல் வெளியே போயிருக்கிறது. பரிமளாவின் கம்ப்யூட்டரிலிருந்து இல்லை. என்னுடையதிலிருந்து.

என் நாற்காலியில் உட்கார்ந்து செய்திருக்கிறாள்.

25 ஜூலை, திங்கள்

கேட்டுவிட்டேன். "நான் போனப்புறம் என் ரூமுக்குள்ள போனியா?"

"போனேன்க்கா. ஃபேன் ஓடிகினு இருந்துது, நிறுத்திட்டு வந்தேன்."

"அவ்ளோதானா?"

"வேற இன்னா?" அப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது. "இன்னாக்கா... என்னைத் திருடின்றீங்களா?"

திரையைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "இது எப்போலேர்ந்து இங்க இருக்குது? நான் எழுதறதெல்லாம் இதுல தெரியுமா?"

 சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அழவில்லை. குற்றமில்லாதவள் அழுதிருக்க மாட்டாளா? இல்லை, அழாததுதான்... தெரியல. ஒண்ணும் தெரியல.

29 ஜூலை, வெள்ளி

பரிமளா இரண்டு டிசைன் சென்டர்களில் வேலை கேட்டிருக்கிறாள். இரண்டிலும் முடியாது என்றுவிட்டார்களாம். நான் யாரிடமும் சொல்லவில்லை. சுப்பராயலுவிடம் மட்டும் சொன்னேன்.

அது போதாதா?

4 ஆகஸ்ட், வியாழன்

ருத்திராட்ச பார்டர். நானே வரைந்தேன், நானே பூட்டினேன். தருமன் கையை விரிக்கிறார்: "இதுவும் வந்துட்ச்சும்மா."

கள்ளச்சாவி வைத்திருக்கிறாளா?

5 ஆகஸ்ட், வெள்ளி

பூட்டை மாற்றினேன்.

9 ஆகஸ்ட், செவ்வாய்

புதுப் பூட்டு. சாவி என் இடுப்பில். நேற்று மாலையும் என் கம்ப்யூட்டரிலிருந்து ஃபைல் போயிருக்கிறது.

தம்பிக்குப் போன் செய்தேன். ப்ரோக்ராம் எந்தப் பதிப்பு என்று கேட்டான், படித்துச் சொன்னேன்.  "அக்கா, மொதல்ல ஒயரப் புடுங்கு."

"ஏன்டா?"

"அது பழசு. அதுல ஓட்டை இருக்குன்னு அறிக்கை வந்துடுச்சு, நான்தான் கவனிக்கல. வர்ற பாக்கெட்ட எல்லாம் பிரிக்குது இல்ல? வேணும்னே கோணலா செஞ்ச ஒரு பாக்கெட்ட அந்த லைன்ல விட்டா, பிரிக்கப் போற நேரத்துல அது மிஷினையே புடிச்சுக்கும். அப்புறம் எங்கியோ உக்காந்து உள்ள இருக்கறத எடுத்துக்கலாம்."

"நாம எதையும் தொறக்க வேணாமா?"

"வேணாம். அது பாத்துகினு இருந்தாலே போதும்."

கேபிள் லைனில் எத்தனை கடைகள்! யார் என்று இனி எப்படித் தெரியும்? தெருவில் வரும்போது ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

10 ஆகஸ்ட், புதன்

சுப்பராயலுவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பரிமளா இல்லை என்றேன். அந்த மயில் பார்டர் மட்டும், ப்ரோக்ராம் போடுவதற்கு முன்பே எப்படிப் போனது என்று புரியவில்லை என்றேன்.

"அதுவா? எம்மச்சான் காஞ்சிபுரத்துல காட்டிட்டானாம், போன வாரம்தான் சொன்னான். உடும்மா, பழைய கதை."

அப்படியென்றால் நான் வேவு பார்க்கத் தொடங்கும்வரை என் சென்டரில் திருட்டே இல்லை.

14 ஆகஸ்ட், ஞாயிறு

பரிமளா வீட்டுக்குப் போனேன். ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். மாமியார் கன்னியம்மாள் என்னைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுத்தார்: "கம்ப்யூட்டரம்மா வந்துகிறாங்க, பாத்திரத்தயெல்லாம் எண்ணிக் காட்டுங்கடி!"

நடந்ததைச் சொன்னேன். ராட்டையை நிறுத்தாமல் கேட்டாள். "அப்போ கதவத் தொறந்து வெச்சது நீங்க."

"ஆமா. தப்பு என்னுதுதான். நீ திரும்பி வரணும்."

"சுப்பராயலு முதலியார் ஊரெல்லாம் சொன்னாரே. அவர் வாயாலயே இல்லன்னு சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்."

22 ஆகஸ்ட், திங்கள்

சுப்பராயலு முணுமுணுத்தார். ஆனாலும் அந்த இரண்டு சென்டருக்கும் என்னோடு வந்து சொன்னார். பரிமளா இன்று வேலைக்கு வந்தாள்.

தம்பி கம்ப்யூட்டரை முழுக்க அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறான். டிசைன் இருக்கும் மிஷினுக்கு இனி இன்டர்நெட் கிடையாது.

9 செப்டம்பர், வெள்ளி

தீபாவளி வேலை நெருக்குகிறது. முன்புபோல் இருந்து முடித்துவிட்டுப் போ என்றால் பரிமளா கேட்பதில்லை. "வேணாம்க்கா. நீங்க கெளம்பசொல்லோ நானும் கெளம்பிடறேன்." நான் பூட்டும்போது பக்கத்தில் நின்று பையை அகலமாக விரித்துக் காட்டுகிறாள். தினமும். கோபமில்லாமல், ஒரு வேலையைப் போல. முதல் நாள் கையைப் பிடித்துத் தடுத்தேன். "இருக்கட்டும்க்கா, பாத்துக்குங்க" என்றாள். அதிலிருந்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

இன்று பையில் சாப்பாட்டு டப்பா, மடக்குக் குடை, பொண்ணுக்கு வாங்கிய ஜியாமெட்ரி பாக்ஸ்.