உள்ளே போய் வரும் வேலைநிறுத்தம்

அன்புள்ள அப்பா,

போன வாரம் போராட்டப் பந்தலில் செல்வராணி எனக்கு மோர் கொடுத்தாள். டம்ளரை வாங்கும்போது அவள் கையிலிருந்து பவுடர் வாசனை வந்தது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு முதுகில் தடவுவார்களே, அந்தப் பவுடர். கடைசி இரண்டு வருடங்கள் உங்கள் முதுகில் இருந்த வாசனை. கண் கலங்கியது உண்மைதான். ஆனால் அடுத்த நொடியே எரிச்சல் வந்துவிட்டது. வேலைநிறுத்தம் செய்கிறவள் கைக்குப் பவுடர் எங்கிருந்து வந்தது?

விஷயம் இதுதான். சின்னாளபட்டி போகும் வழியில் நீங்கள் கடைசியாக இருந்த முதியோர் இல்லத்தில், உங்களைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கள் எல்லோரும், கூட வேலை பார்க்கும் ஓரிரு ஆண்களும், வேலையை நிறுத்திவிட்டு வாசலுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் தினமும் போய் அவர்களோடு உட்காருகிறேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மலஜலம் துடைப்பது எல்லாம் ஆணுக்கும் பெண்ணுக்கும் அங்கே ஒரே வேலை. சம்பளம் மட்டும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு அதைவிடக் குறைவாக ஒன்று. கேட்டால், "இது சேவைம்மா, இதுக்குப் போயி கணக்குப் பாக்கலாமா?" என்கிறார் முதலாளி. மாதம் பிறந்தால் நம்மிடம் கறாராக வாங்கினாரே, அது என்ன பிரசாதமா?

"உள்ள போனியா?" என்று செல்வராணியைக் கேட்டேன்.

"செத்த நேரந்தான்க்கா. ஒட்டன்சத்திரத்து அம்மா ஒரே பக்கமாக் கெடக்கும். திருப்பிப் போடாட்டி முதுகு புண்ணாயிரும்."

விசாரித்தால், இவள் மட்டும் இல்லை. எல்லோருமே முறை வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய் வருகிறார்கள். முன்வாசலில் கோஷம், பின்வாசலில் வேலை! முதலாளி மாடி ஜன்னலில் நின்று காபி குடிக்கிறார். அவருக்கென்ன, சம்பளமே கொடுக்காமல் வேலை நடக்கிறது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பஞ்சு மில் வாசலில் நீங்கள் கொடி பிடித்து உட்கார்ந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. தூக்குவாளியில் சோறு கொண்டுவந்த நான் ஒரு நாள் பார்த்தேன். வயதான மேஸ்திரி ஒருவர், மெஷினுக்கு எண்ணெய் மட்டும் விட்டுவிட்டு வருகிறேன், துருப்பிடித்துவிடும் என்று கேட் பக்கம் நடந்தார். நீங்கள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தீர்கள். "வேலை நிக்கணும்ப்பு. நிக்காட்டி இது என்ன, திருவிழாவா?"

அதை அப்படியே செல்வராணியிடம் சொன்னேன். அவள் யோசிக்கக்கூட இல்லை. "மெஷினு துருப்பிடிச்சா தேச்சுக்கிரலாம்க்கா. இதுக்கு என்ன செய்ய?"

உங்கள் மில் நியாயம் இங்கே எடுபடவில்லை, அப்பா. சம்பளம் கூட்டிக் கேட்கப்போகிறோம் என்று அவள் முதன்முதலில் சொன்னபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "இதுக்கெல்லாமா சங்கம்? வீட்டுல பொம்பளைக செய்யுறதுதான ஆத்தா?" அவள் அப்போது உங்கள் வேட்டியை மாற்றிக்கொண்டிருந்தாள். ஆயுசு முழுக்கக் கொடி பிடித்த மனிதர் பேசுகிற பேச்சா அது? அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

யாரும் புண்ணாகாமல் வேலை நிற்க ஒரே வழிதான் இருந்தது. அவரவர் பெற்றவர்களை அவரவர் வீட்டுக்குக் கொண்டு போகட்டும். உங்களைப் பார்க்க வந்த காலத்தில் பழக்கமான, அங்கே இருப்பவர்களின் உறவினர்களுக்கெல்லாம் பந்தலில் உட்கார்ந்தே போன் போட்டேன். அப்பப்பா, எத்தனை சாக்கு! ஒருவர் வீட்டில் மகளுக்குப் பரீட்சை. ஒருவர் வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். இன்னொரு அம்மாள், "பாவம், வயசானவங்கள இப்படி விட்டுட்டுப் போராடலாமா?" என்று எனக்கே பாடம் எடுத்தார். அவருடைய மாமனாரைப் பார்க்க அவர் வந்து எத்தனை மாதம் ஆயிற்று என்பது செல்வராணிக்குத் தெரியும்.

ஒட்டன்சத்திரத்து அம்மாவின் மகன் காய்கறி மண்டி வைத்திருப்பவர். "ஏனுங்க, காசு கட்டித்தானுங்களே விட்டிருக்கோம்?" என்று எகிறினார். "அந்தக் காசு அம்மாவைத் தூக்குறவங்க கைக்குப் போகலையே. அதுக்குத்தான் உக்காந்திருக்காங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வந்து அழைத்துப் போனார்.

மறுநாள் அவரே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "ஏனுங்க, அம்மாவத் திருப்பிப் போட நானும் சம்சாரமும் சேந்தும் முடியலீங்க. அந்தப் புள்ள ஒத்தையா எப்படிங்க போட்டுச்சு?" போனை செல்வராணியிடம் கொடுத்தேன். முழங்காலை எப்படி மடக்குவது, தலையணையை எங்கே வைப்பது என்று பொறுமையாகச் சொன்னாள். அன்று சாயங்காலமே அவர் முதலாளியிடம் பேசியிருக்கிறார். பெண்களுக்குச் சம்பளத்தைச் சரியாகக் கொடுக்கிறவரை அம்மாவும் வரமாட்டாள், காசும் வராது என்று. அதற்கப்புறம் காரிலும் ஆட்டோவிலுமாக மற்றவர்களும் தங்கள் பெரியவர்களைக் கூட்டிப்போக வர ஆரம்பித்தார்கள்.

இப்போது உள்ளே இருப்பது யாருமே இல்லாத ஒன்றிரண்டு பேர்தான். அவர்களை முதலாளியும் அவர் மனைவியும் பார்க்கிறார்கள். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாம். நேற்று நொண்டிக்கொண்டே கேட்டுக்கு வந்து, "ஒங்கப்பாவ நாங்க எம்புட்டு நல்லாப் பாத்துக்கிட்டோம். நீங்களே இப்படிச் செய்யலாமா?" என்றார்.

"பாத்தது நீங்க இல்ல. இந்தா உக்காந்திருக்காங்களே, இவங்க" என்றேன்.

இன்று பந்தலிலிருந்து யாரும் உள்ளே போகவில்லை. மத்தியானம் செல்வராணி கையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள், அப்படியே தூங்கிவிட்டாள். பட்டப்பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. உடனே இந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவள் முழித்துவிடக்கூடாது என்று கோஷத்தைக் குசுகுசுவென்று போடுகிறார்கள், அப்பா! உலகத்தில் எங்காவது இப்படி ஒரு போராட்டம் உண்டா? இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

உங்களிடமிருந்து எனக்கு வந்த சொத்து இந்தத் தொண்டை ஒன்றுதான். எழுந்து, தனியாக நடந்து, முதலாளியின் ஜன்னலுக்கு நேர் கீழே போய் நின்றேன். வாயைத் திறப்பதற்கு முன் நானும் ஒரு தடவை பந்தலைத் திரும்பிப் பார்த்தேன், அவளுக்குக் கேட்காத தூரம்தானா என்று.

பிறகு கத்தினேன்.