குடை போன நாள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இதில் எழுத்துப் பிழை இருக்கும். ஞாபகப் பிழை இருக்காது.

நேற்று கோழிக் காய்ச்சலை விசாரிக்க மூன்று நாடுகளிலிருந்து மருத்துவர்கள் பண்ணைக்கு வந்து, முதல் கோழி என்றைக்குச் செத்தது என்று கேட்டார்கள். கால்நடை மருத்துவரான நீ, "இருபதாம் தேதி சார்" என்றாய். நான் வாயைத் திறந்ததும், "அம்மாவுக்கு வயசாயிடுச்சு, ஞாபகம் தப்பிப்போச்சு" என்று சிரித்தாய்.

எனக்கா? மூன்றாம் தேதி, உன் மகளின் பிறந்தநாள். காலையில் செத்துக் கிடந்த பதினோரு கோழிகளை என் கையால் பொறுக்கிவிட்டு உன்னிடம் ஓடி வந்தேன். "வெளிய சொல்லாதம்மா, கோழி லாரி கிளம்பட்டும்" என்றாய். அன்று சாயங்காலம் மழை என்று உன் மாமியார் என் கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு போனாள். இன்னும் திருப்பித் தரவில்லை. அதை மறந்தால் அல்லவா தேதியை மறப்பேன்!

நீ சொன்ன தேதிக்கு முன்னால் எல்லை தாண்டிய லாரிகளை அந்த நாடுகளில் யாரும் தேடமாட்டார்கள். அங்கே கோழிக் கூடை சுமக்கிறவளுக்கும் காய்ச்சல் வரும். என்னோடு முட்டை பொறுக்கிய உன் சித்திக்கு வந்ததுபோல. அப்புறம் அவளுக்கு நடந்ததை இங்கே எழுதமாட்டேன். அவள் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்.

உன் வேலை போய்விடும் என்கிறாய். போகட்டும். உன்னைப் பட்டினி போடமாட்டேன்.

நாளை பத்து மணிக்கு அவர்களை நானே வரச் சொல்லியிருக்கிறேன். நீயும் வா. எனக்கு ஞாபகம் இல்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல். மாமியாரையும் கூட்டி வா, குடையோடு.

இப்படிக்கு,
ஞாபகம் தப்பிப்போன உன் அம்மா