பதினோரு இடம்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நாவலின் முதல் ப்ரூஃப் என் மேஜைக்கு வந்துவிட்டது. அச்சக முதலாளி நாலு பக்கம் புரட்டிவிட்டு, "உங்க அக்கா லேப்ல ரத்தம் எடுக்கிறவங்கன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டார். "இதுலயும் அதைத்தான் சார் பண்ணியிருக்காங்க" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து பார்வை தெளிந்துவிட்டது. தைப்பதை விட்டுப் பத்து வருடமாகியும் தினம் காலையில் ஊசியில் நூல் கோர்த்து எனக்குக் காட்டிவிட்டுத்தான் காபி குடிக்கிறாள். உன் புத்தகம் எதைப் பற்றி என்று இரண்டு தடவை கேட்டாள். ஏதோ ஆஸ்பத்திரிக் கதை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று ஏழாம் அத்தியாயம் படித்தேன். தையற்காரி அம்மா. வாடிக்கையாளரின் துணியை இஸ்திரிப் பெட்டியால் பொசுக்கிவிட்ட ஒன்பது வயது மகள். மர அளவுகோல். உடைந்த மணிக்கட்டு. யாரைப் பற்றி எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கு நான் தையல் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து பொத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு ஆறு வயது. ஆனால் நம் வீட்டில் அது என்றைக்கும் "படியில விழுந்தா"தான். நானும் சொல்லிச் சொல்லிப் பாதி நம்பியே விட்டேன்.

ஒரே பக்கத்தில் நான்கு முறை "அடித்தாள்" வருகிறது. "தட்டினாள்" என்று போட்டால் என்ன, அக்கா? கதை அப்படியேதான் இருக்கும், கொஞ்சம் அடக்கி வாசித்த மாதிரி ஆகும். யோசித்து எழுது.

இன்னொரு தலைவலி. அச்சகத்தில் என்னோடு பிரதி பிடிக்கிற அண்ணன் பைக்கிலிருந்து விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடக்கிறார். எங்கள் வேலை உனக்குத் தெரியுமே. நான் ப்ரூஃபை உரக்கப் படிப்பேன், அவர் கையெழுத்துப் பிரதியில் கண்ணை வைத்துக்கொண்டு, ஒரு சொல் மாறினாலும் "நில்லு" என்பார். அவர் இல்லாமல் எனக்கு ஒற்றைக் கை மாதிரி இருக்கிறது.

உன் தம்பி

---

ஜூன் 9

அன்புள்ள கண்ணாடிக்கு,

எட்டு வயதில் போட்ட கண்ணாடி, இன்னும் பவர் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது போல. தட்டினாளாம். கதவைத் தட்டுவார்கள். தூங்குகிறவனைத் தோளில் தட்டி எழுப்புவார்கள். தட்டி யாருக்காவது எலும்பு உடைந்து நீ பார்த்திருக்கிறாயா?

என் வேலையில் ஒருவருடைய ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழு என்று வந்தால் ஏழு என்றுதான் எழுத வேண்டும். எதிரே நிற்கிற அம்மாள் பாவம், பயந்துவிடுவாள் என்று பத்து போட்டால், அவளுக்கு யாரும் மருந்து தர மாட்டார்கள். இருபத்தாறு வருடமாக இதைச் செய்கிறேன். நாவல் எழுத உட்கார்ந்ததும் அது மட்டும் எப்படி மாறும்?

நீ ஒன்றைக் கவனிக்கவில்லை. அடுத்த பக்கத்திலேயே அவள் செருப்புக்கூடப் போடாமல் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாள். டாக்டரிடம் பொய் சொல்கிறாள். வீட்டுக்கு வந்து, உடைந்த கையைத் தொங்கவிட ஒரு துணி தைக்கிறாள். கழுத்தில் உறுத்தக் கூடாது என்று உள்ளே மெத்தென்று இன்னொரு துணி வைத்து, அதைச் சுற்றிப் பூவேலை செய்கிறாள். வாடிக்கையாளருக்குக்கூட அவள் அவ்வளவு பார்த்துத் தைத்ததில்லை. அவளை ராட்சசி என்று நான் எங்காவது எழுதியிருக்கிறேனா? அடித்தது அவள், ஓடினது அவள், தைத்தது அவள். முதல் சொல்லை நீ மழுக்கிவிட்டால், அந்தப் பூவேலை எதற்கு என்றே படிக்கிறவர்களுக்குப் புரியாது.

ஒரு சொல்லைத் தொட்டாலும் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வேன். முதலாளியிடமும் சொல்லிவிடு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அண்ணனின் கால் சீக்கிரம் ஆறட்டும். அம்மாவைச் சொட்டு மருந்தை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்.

அக்கா

---

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கென்ன, நீ நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறாய். வருடத்தில் இரண்டு தடவை வந்து, இரண்டு நாள் இருந்து, மூன்றாம் நாள் பஸ் ஏறிவிடுகிறாய். தினமும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நான். எழுபத்திரண்டு வயதில், மகள் தன்னைப் பற்றி அச்சில் போட்டிருப்பதை அவள் படிக்க வேண்டுமா? நீ அவளுக்குப் பெயர் வைக்கவில்லைதான். தெருவில் இருக்கிறவர்களுக்குப் பெயரா வேண்டும், தையல் மிஷின் போதாதா?

உனக்கு அவள் மேல் கோபமே போகவில்லை என்று எனக்குச் சில சமயம் தோன்றும். அப்புறம் அந்தப் பூவேலைப் பக்கத்தைப் படித்தால் அப்படி இல்லையோ என்றிருக்கிறது. எதை நம்புவது என்று தெரியவில்லை.

சரி. உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். தொடவில்லை. போதுமா?

கடைசி அத்தியாயம் மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்தது. மகள் முதன்முதலாக வேலைக்குப் புறப்படுகிற அன்று, பஸ் நிலையத்தில் அம்மா அழுது மன்னிப்புக் கேட்கிறாளே, அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். அது எப்போது நடந்தது, அக்கா? அன்றைக்கு நானும்தானே உன்னை வழியனுப்ப வந்தேன். தண்ணீர் பாட்டில் வாங்கப் போனபோதா? இத்தனை வருடத்தில் என்னிடம் மூச்சுக்கூட விடவில்லையே.

உன் தம்பி

---

ஜூன் 20

அன்புள்ள கண்ணாடிக்கு,

தொடவில்லை என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன்.

நானூறு கிலோமீட்டரைப் பற்றி எழுதியிருந்தாய். அது உண்மைதான், மறுக்கவில்லை. மூன்றாம் நாள் ஏன் பஸ் ஏறுகிறேன் என்பதைத்தான் இருநூறு பக்கம் எழுதியிருக்கிறேன். இதை எழுதி முடித்தால் நான்காம் நாளும் இருந்து பார்க்கலாம் என்று ஒரு நினைப்பு. அதனால்தான் ஒரு சொல்லும் போலியாக இருக்கக் கூடாது என்கிறேன்.

கடைசி அத்தியாயத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது கதை. கதைக்கு ஒரு முடிவு வேண்டாமா? படிக்கிறவர்களை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போக முடியாது.

இங்கே லேபில் ஆள் குறைவு. காலை ஆறரைக்கே வரிசை நிற்கிறது. சுருக்கமாக முடிக்கிறேன்.

அக்கா

---

ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்.

நான் தொட்டேன். உன்னிடம் தொடவில்லை என்று எழுதிய அதே நாள், சிவப்புப் பேனாவை எடுத்துப் பதினோரு இடத்தில் மாற்றினேன். "அடித்தாள்" எல்லாம் "தட்டினாள்" ஆயிற்று. "பொய் சொன்னாள்" என்பதை "சமாளித்தாள்" என்று போட்டேன். "அவளை வெறுத்தேன்" என்பது "அவள்மேல் வருத்தப்பட்டேன்" ஆனது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அதற்கு முன் நடந்ததைக் கேள்.

இரண்டாம் ப்ரூஃப் வந்தது. அண்ணன் இன்னும் எழுந்து நடக்கவில்லை. சரி, அம்மாவுக்குத்தான் கண் தெளிந்துவிட்டதே, முதல் ஆறு அத்தியாயத்தில் ஒன்றும் இல்லையே என்று அவளைப் பிரதி பிடிக்க வைத்தேன். சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, விரலை வரிமேல் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். மூன்று நாளில் ஒன்பது தடவை "நில்லு" என்றாள். ஒன்பதும் சரி. அண்ணன்கூட இப்படிப் பிடித்ததில்லை.

ஏழாம் அத்தியாயத்திலிருந்து மிச்சத்தை, பிரதியும் ப்ரூஃபுமாகப் பீரோவில் என் சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். வாழ்நாளெல்லாம் துணியைக் கையாண்டவள் இருக்கிற வீட்டில் துணிக்கடியில் கொண்டுபோய் ஒளித்த புத்திசாலி நான்தான். சட்டைகளை இஸ்திரி போட்டு அடுக்கி வைக்கப் போயிருக்கிறாள்.

சாயங்காலம் நான் வந்தபோது மேஜையில் இடது பக்கம் பிரதி, வலது பக்கம் ப்ரூஃப். கையில் துணியில் குறி போடுகிற பழைய நீலச் சாக்பீஸ். ஒன்றையும் விடாமல் குறித்திருந்தாள்.

"பதினோரு இடத்துல மாறியிருக்கு" என்றாள்.

"கம்ப்யூட்டர்ல அடிக்கிற பையன் தப்பா போட்டிருப்பான்மா" என்றேன்.

"முதல் ப்ரூஃபும் கீழயே இருந்துச்சு. சிவப்பு மையில இருக்கறது உன் கையெழுத்து. அவன்மேல ஏன் பழி போடறே?"

கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டேன். அவள் குரல் உயரவே இல்லை.

"தட்டினா கை உடையுமாடா? நான் அடிச்சேன். அடிச்சான்னுதான் அவ எழுதியிருக்கா. அப்படியே போடு."

உன் சொல்லைத்தான் சொன்னாள் அக்கா, அச்சு அசலாக. நீயும் அவளும் பேசி வைத்துக்கொண்டீர்களோ என்று ஒரு கணம் சந்தேகப்பட்டேன்.

அப்புறம் கடைசி அத்தியாயத்தை எடுத்தாள். அந்தப் பஸ் நிலையப் பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு. தைக்கக் கூடாத துணியில் அப்படித்தான் போடுவாள்.

"இது எப்ப நடந்துச்சு?"

"அது கதைம்மா."

"மத்ததெல்லாம் நடந்தபடி இருக்கு. நான் செருப்புப் போடாம ஓடினதுகூட இருக்கு. இது மட்டும் ஏன் கதை?"

இதற்குப் பதில் உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

"நான் அவகிட்ட மன்னிப்பு கேக்கலை. நாப்பது வருஷமா கேக்கலை. கேக்கணும்னு நினைக்கிறப்பல்லாம் அவ பஸ் ஏறிடறான்னு எனக்கு நானே சாக்கு சொல்லிட்டிருந்தேன். இப்ப அவளே எழுதி எனக்கு வாங்கிக் கொடுத்துட்டா. அப்ப எனக்கு என்ன வேலை மிச்சம்?"

சாக்பீஸைப் பெட்டியில் வைத்துவிட்டு, உன் ஊருக்குக் காலைப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். தனியாகப் போகாதே, கண் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்றேன். "நூல் கோர்க்கிறவளுக்கு பஸ் போர்டு படிக்கத் தெரியாதா?" என்றாள். புதன்கிழமை கிளம்புகிறாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று உத்தரவு. இந்த ஒரு தடவை உனக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

பதினோரு இடத்தையும் பழையபடி மாற்றிவிட்டேன். கடைசிப் பக்கத்தை மட்டும் தொடவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே.

உன் தம்பி

---

ஜூலை 7

அன்புள்ள கண்ணாடிக்கு,

உன் கடிதம் அம்மா வந்து இரண்டு நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. தபால்காரரை நம்பி நீ ரகசியத்தை உடைத்திருக்கிறாய். ஆகவே உட்கார்ந்துகொள்ள எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

புதன்கிழமை அவள் பஸ்ஸில் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை, நேராக லேபுக்கு வந்திருக்கிறாள். டோக்கன் இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்று வாசலில் சொன்னார்களாம். என் பெயரைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. டோக்கன் வாங்கிக்கொண்டு, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி இருக்கிறவர்களுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தொன்று என்று கூப்பிட்டேன். மடியில் பையோடு அம்மா வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

நான் கையில் ரப்பர் பட்டையோடு நின்றேன். அவள் தன் கையை நீட்டவில்லை. "உன் கையைக் காட்டு" என்றாள். கையுறையைக் கழற்றி இடது கையைக் கொடுத்தேன். மணிக்கட்டில் எலும்பு கொஞ்சம் மேடாகக் கூடியிருக்கிறதே, அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொன்னாள்.

என்ன சொன்னாள் என்று உனக்கு எழுத மாட்டேன். நான் எழுதி வைத்திருந்த வசனத்தைப் போல ஒரு வார்த்தைகூட இல்லை. பாதியில் நின்றாள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள், நடுவில் அந்த வாடிக்கையாளரின் துணி என்ன நிறம் என்று சொன்னாள். என் நாவலில் அவள் அழுகிறாள், நான் தேற்றுகிறேன். இங்கே அவள் அழவே இல்லை. அழுதது நான். தேற்றியது டோக்கன் முப்பத்திரண்டு. "வெறும் வயித்துல வேலை பார்க்காதீங்கம்மா" என்று தன் பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தார்.

அம்மா எழுந்து, "ஆளுங்க காத்திருக்காங்க, வேலையைப் பாரு. நான் வெளிய இருக்கேன்" என்றாள். மதியம் வரை இருந்தாள்.

உன்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். பதினோரு பொய்க்கும் சேர்த்து நேரில் வைத்துக்கொள்கிறேன். ஆனால் நீ ஒவ்வொரு சொல்லாக மாற்றினாய். நான் முழுசாக ஒரு அத்தியாயத்தையே பூசி மெழுகிவிட்டு, உனக்கு ஏழுக்கும் பத்துக்கும் பாடம் நடத்தியிருக்கிறேன். கேட்டால் கிடைக்காது என்று பயந்து நானே எழுதிக்கொண்டேன். அதுதான் நிஜம்.

அந்தப் பக்கத்தை எடுத்துவிடு. பஸ் நிலையத்தில் அம்மா பையைக் கொடுக்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை. பஸ் கிளம்புகிறது. நாவல் அங்கே முடியட்டும். படிக்கிறவர்கள் நடுத்தெருவில் நின்றால் நிற்கட்டும், நாங்கள் நாற்பது வருடம் நிற்கவில்லையா? "வெறுத்தேன்" அப்படியே இருக்கட்டும் என்று அம்மாவும் சொல்லிவிட்டாள். அச்சுக்குக் கொடுத்துவிடு.

அவளை வெள்ளிக்கிழமை காலைப் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். இங்கேயே இன்னும் பத்து நாள் இரு என்று கெஞ்சிப் பார்த்தேன், கேட்கவில்லை. "அன்னிக்கு அவன் மிஷினுக்கு அடியில இருந்தது எனக்குத் தெரியும். அக்கா படியில விழுந்தான்னு சொல்லச் சொன்னதும் நான்தான். ஆறு வயசுப் பிள்ளை. அவன்கிட்டயும் பேசணும்" என்றாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு வந்து சேருவாள். அன்றைக்கு அச்சகத்துக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இரு.

உன் அக்கா