பாப்பாவுக்கு ஏப்பம் வரட்டும் என்றவனுக்கு

நேற்று காலை வகுப்பில் மடிக்கணினியைத் திறந்ததும் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. வெப்ப இயக்கவியல் நடத்த வேண்டிய திரையில் பெரிதாக ஒரு முகம், பல்லில்லாத வாய். கீழே ஒரு செய்தி: 'அப்பா பத்து நாட்களாக வரவில்லை. அடுத்த பொறுப்பு: மாமா. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏற்காவிட்டால் குழந்தை நீக்கப்படும்.' பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "சார், மாமா நீங்களா?"

நான்தான். என்னைக் கேட்காமலே என் பெயரைப் போட்டு, என் கணினியிலும் அந்த விளையாட்டை ஏற்றிவைத்துவிட்டுச் செத்துப்போனாய்.

கணபதிப் பகுதியில் இருக்கும் உன் பம்ப் பட்டறைக்கு எப்போது வந்தாலும் இதே கூத்துதான். கணினிக்குள் ஒரு கைக்குழந்தை. பால் கொடுக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும், தோளில் போட்டுத் தட்ட வேண்டும். தட்டுவது என்றால் மௌஸை மெல்ல, ஒரே சீராக. கிரீஸ் படிந்த விரல்களால் நீ அதைச் செய்வதைப் பார்க்க எனக்குத்தான் வெட்கமாக இருக்கும். இந்த வயதில் இது தேவையா என்றால், "எம் புள்ளைக ரெண்டும் வளந்தப்ப நான் லேத்துகிட்ட நின்னுட்டிருந்தேன்டா மச்சான்" என்பாய். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து நான் உனக்கு மச்சான். அதனால் அந்தப் படத்துக்கு மாமாவாகிவிட்டேன். போதாததற்கு, இந்தப் பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. நாற்பது பேர், பெரும்பாலும் பெண்கள். யார் பிள்ளைக்குப் பல் முளைத்தாலும் எல்லாரும் வாழ்த்துவார்கள். அதையும் எனக்குப் படித்துக் காட்டுவாய்.

துறைத் தலைவர் பதவியை எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவனுக்குக் கொடுத்த அன்று, வீட்டுக்குக்கூடப் போகாமல் உன்னிடம்தான் வந்தேன். இருபத்தாறு வருடக் கதையைக் கொட்டினேன். நீ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் உன் வாயிலிருந்து வந்தது, "இருடா மச்சான், பாப்பாவுக்கு ஏப்பம் வரட்டும்."

நான் எழுந்து வந்துவிட்டேன். ஏழு மாதம் பேசவில்லை. நீ இரண்டு முறை அழைத்தாய், எடுக்கவில்லை. அடுத்து உன்னைப் பார்த்தது மின்மயானத்தில்.

நேற்று மதியம் அந்தக் குழுவிலிருந்து ஒரு பெண் அழைத்தார். அவிநாசியில் தையல் கடை வைத்திருக்கிறாராம். உன் மனைவி என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்.

"ஏனுங்க சார், எங்களுக்கும் காட்டுதுங்க, பொறுப்பு உங்க பேருக்கு வந்தும் பாப்பாவுக்குக் காலைல இருந்து பாலே குடுக்கலீங்களே?"

"அது படம்ங்க."

"படந்தானுங்க. அதுக்குன்னு அழுக உடறதுங்களா? நீங்க ஏத்துக்கிட்டு எம் பேருக்கு மாத்திக் குடுத்துருங்க, நான் பாத்துக்கறேன்."

விட்டது தொல்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் போனை வைக்கவில்லை.

"அப்பறமுங்க சார், அந்த ஹெச்ஓடி போஸ்ட்டுக்கு மேல எழுதிப் போட்டீங்களா?"

யார் சொன்னது என்றேன்.

"குரூப்புல எல்லாத்துக்கும் தெரியுமுங்க. அன்னிக்கே அண்ணன் பேசி அனுப்புனாருங்க, எட்டு நிமிசம். லேபு கட்டுனது நீங்க, அதோட தெறப்பு விழாவுல உங்களுக்கு ஒரு சேர்கூடப் போடலீன்னு… நாங்க அன்னிக்குப் பூராம் உங்க பிரின்ஸ்பாலத் திட்டித் தீத்துப்போட்டமுங்க."

முகம் தெரியாத நாற்பது பேரிடம் என் அவமானத்தைப் பரப்பியிருக்கிறாய். கொதித்துப்போனேன். பிறகுதான் அந்த நாற்காலி உறைத்தது. அதை நான் கடைசியாக, எழுந்து நின்றுகொண்டு, முணுமுணுப்பாகத்தான் சொன்னேன். நீ அப்போது தட்டிக்கொண்டிருந்தாய். அதுகூட உன் காதில் விழுந்திருக்கிறது.

கேட்டவன் கேட்டேன் என்று சொல்லித் தொலைப்பதற்கென்ன? இரண்டு முறை அழைத்தேனே என்று இப்போது சொல்லிக்காட்டாதே. மூன்றாம் முறை அழைத்திருக்கலாம். பட்டறையிலிருந்து என் வீடு நாலு கிலோமீட்டர்.

மாலையில் குழந்தையை ஏற்றுக்கொண்டேன். மாற்றித் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை நானே வைத்துக்கொள்கிறேன் என்று அந்த அம்மாவிடம் சொன்னதற்கு, "எந்த ஞாயித்துக்கெழமைங்க சார்?" என்று கேட்கிறார்.

குழுவிலும் சேர்த்துவிட்டார்கள். இன்று காலை பால் கொடுத்த கையோடு அங்கே உன்னைப் பற்றி நீளமாக ஒரு புகார் எழுதினேன். கேட்காமல் பெயர் போட்டது, எல்லாம் கேட்டுவிட்டுக் கேட்காதவன் மாதிரி உட்கார்ந்திருந்தது, சொல்லாமல் போனது, ஒன்று விடவில்லை. பத்து நிமிடத்தில் பதில்கள் குவிந்தன. "அண்ணன் பண்ணுனது தப்புதானுங்க." "அதெப்படிங்க கேக்காம பேரு போடறது?" அவிநாசிக்காரர் இன்னும் கடுமை: "என்ன இருந்தாலும் வாயத் தொறந்து சொல்லியிருக்கோணுமுங்க. கல்லு மனசு."

என் பக்கம் இத்தனை பேர் ஒருநாளும் நின்றதில்லை. நீ சேர்த்துவைத்த ஆட்கள், உன்னையே விளாசினார்கள். உனக்காகப் பேச ஒருவர் இல்லை. வேறு வழியில்லாமல் நான்தான் எழுத வேண்டியிருந்தது: "போதும் விடுங்க. அவன் அவ்வளவு மோசமில்லை."