டைல்ஸ் பணத்தில் வாங்கிய கபடி டீம்

அன்புக் கண்ணு ஜெயசுதாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் கறவை மாடும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி ஏசியில் சளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று கேட்டால் எங்களுக்கு அது போதும். சொல்ல வெட்கமாக இருக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகளிடம் சொல்லாதே. உன் அம்மா இப்போது ஒரு கபடி டீமுக்கு ஓனர். குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டச் சொல்லி நீ அனுப்பினாயே, அந்த டைல்ஸ் இப்போது சிவப்பு டவுசர் போட்டுக்கொண்டு மலையெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. உன் அப்பாவிடம் பயந்து பயந்து சொன்னேன், அவர் பீடியை அணைத்துவிட்டு, குளிக்கத்தான் ஆறு இருக்குதே என்றார், அவ்வளவுதான். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நம் ஊரில் டவர் எடுக்கிற ஒரே இடம் உன் மாமன் அர்த்தனாரி வீட்டு வாசல், பேச வேண்டியதோ அவனைப் பற்றி, அவன் முகத்துக்கு நேராக நின்று நிம்மதியாகத் திட்ட முடிகிறதா. அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிற ரமேஷ்குமாரிடம் மிளகோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். மூன்றாம் வகுப்பு எழுத்து, கோணலாகத் தெரிந்தால் தலையைச் சாய்த்துப் படித்துக்கொள்.

எல்லாம் டிவியில் வந்த வினை. கபடி லீக் பார்த்துப் பார்த்து உன் மாமனுக்குத் தூக்கம் போய்விட்டது, நம் மலைக்கும் ஒரு லீக் நடத்துவேன் என்று ஒரு பைலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். அக்கா, கீழ டீமு வாங்கறவங்கெல்லாம் கோடீஸ்வரங்க, நம்ம மலைக்கு நீதான் மொத ஓனரம்மா என்றான். என் கூடப்பிறந்தவனே என்னை அம்மா என்கிறானே என்று நானும் உருகிப்போனேன். மொத்தம் நாலு டீம், நாலு பேருமே தங்கள் டீமுக்குக் கிங்ஸ் என்றுதான் பேர் வைப்பேன் என்று நின்றோம், ராஜாக்கள் நாலு பேர், ஆளுவதற்கு ஒரு சனமும் இல்லை. லீக்குக்கு முதல் வேண்டுமே, அதற்கு அவன் செய்ததைக் கேள். பேளுக்குறிச்சியில் ஒரு மிளகு வியாபாரியிடம் போய், தோட்டத்து மிளகு மொத்தத்தையும் கொடியில் இருக்கும்போதே எழுதிக்கொடுத்து முன்பணம் வாங்கிவந்துவிட்டான். தை முடிவதற்குள் பணத்தைத் திருப்பினால் மிளகு இவனுக்கு, இல்லாவிட்டால் வியாபாரியின் ஆட்களே ஏணியோடு மலையேறி வந்து பறித்துக்கொண்டு போவார்கள். உன் மாமன் வீட்டுக்கு வருசத்துக்கும் சோறு போடுவது அந்த மிளகு ஒன்றுதான் என்று உனக்குத் தெரியும். விஷயம் தெரிந்த அன்றைக்கே உன் அத்தை கலைச்செல்வி அவனுக்குச் சோறு போடுவதை நிறுத்திவிட்டாள். மொதல்ல லீக்கு வருதா ஏணி வருதான்னு பாக்கறேன், அப்பறம் உலை வெக்கறேன் என்று சொல்லிவிட்டாளாம். அது முதல் மூன்று வேளையும் நம் வீட்டில்தான் சாப்பாடு, லீக்கில் வந்த நஷ்டத்தில் பாதி என் சோற்றுப்பானையில்தான் விழுந்தது.

ஸ்பான்சர் என்று ஒருவரைப் பிடித்தான், கீழே ஜவ்வரிசி மில் வைத்திருக்கிறார், நல்ல மனிதர்தான். பொன்னாடை போர்த்தியதும் மனது பொங்கி மைக்கில் பெரிய தொகையாகச் சொல்லிவிட்டார். வந்ததோ ஒரு வேன் நிறைய ஜவ்வரிசி மூட்டை. வெல சரியில்லீங்க, வித்து எடுத்துக்கோங்க என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதற்கு மாவு தந்த மரவள்ளியே நம் மலையில் பிடுங்கியது, அதை நம்மிடமே யார் விலைக்கு வாங்குவார்கள். சம்பளம் கேட்டு வந்த பையன்களுக்குக் காலையில் ஜவ்வரிசி உப்புமா, மத்தியானம் ஜவ்வரிசி வடை, ஆட்டம் முடிந்தால் பாயசம் என்று போட்டுச் சமாளித்தான். என் டீம் கேப்டன் இளங்கோ என்னிடம் வந்து, ஓனரம்மா, மூச்சுப் பிடிக்க வேண்டிய வவுத்துல பாயசம் குலுங்குதுங்க என்று அழாத குறையாகச் சொன்னான். நம் டீம் ஒரு ஆட்டமும் ஜெயிக்காததற்குப் பாயசம்தான் காரணம் என்று நானும் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன், நீயும் அப்படியே சொல்.

சரி, கூட்டம் வந்தால் டிக்கெட்டில் தேறிவிடும் என்று இருந்தோம். கூட்டம் வராமல் இல்லை கண்ணு, செம்மேட்டுப் பக்கமிருந்தெல்லாம் ஜீப் ஜீப்பாக வந்தது. உள்ளே உட்கார இடமில்லை, வாசலில் உண்டியலைத் தட்டினால் வெறும் சத்தம். கேட்டில் நின்றது உன் மாமன். வருகிறவன் எல்லாம் பங்காளி, இல்லாவிட்டால் மாமன் மச்சான், டிக்கெட் என்று வாயைத் திறந்தால் ஏனப்பா மச்சான், என்ரகிட்டயேவா துட்டு கேக்கற, அப்ப உன்ர ஊட்டுக்கு வந்தா தண்ணிக்கும் காசு வாங்குவியா என்று தோளில் கை போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுகிறான். இவனும் சிரித்துக்கொண்டே குடும்பத்தோடு வரவில்லையா என்று விசாரிக்கிறான். அப்புறம்தான் புத்தி வந்து, சொந்தமே இல்லாத ஆளாகப் பார்த்து முள்ளுக்குறிச்சியிலிருந்து அருள் என்று ஒரு ஆளைக் கேட்டில் நிறுத்தக் கூட்டிவந்தான். முகம் கல் மாதிரி, யாரையும் தெரியாது, அன்றைக்கு உண்டியல் கொஞ்சம் கனத்தது. ஆனால் நம் பாப்பாயி சித்தியை உனக்குத் தெரியும்தானே. மறுநாள் கேட்டில் நின்று, ஏஞ் சாமி, உங்கம்மா எந்த ஊரு, அவிங்களுக்கு அம்மா எந்த ஊரு என்று ஆரம்பித்தாள். அந்தப் பையனின் அம்மாயி புளியஞ்சோலைப் பக்கம் வாக்கப்பட்டுப் போன நம் மலைப் பொம்பளை என்று கண்டுபிடித்துவிட்டாள். அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் அவன் மலைக்கே மாப்பிள்ளை. டிக்கெட் வாங்காமல் விட்டது போதாதென்று, சித்தி கூட்டத்துக்கு அவன் கைக்காசில் டீயும் வாங்கிக்கொடுத்தானாம்.

தை முடியப்போகிறது, பைனல் ஒன்றுதான் பாக்கி. உன் மாமன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறான், வாய்க்குப் போகவில்லை. அவனை நான் எவ்வளவு கிண்டல் செய்தாலும் அன்றைக்கு அதை விட்டுவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். வியாபாரியின் ஆள் ஒருவன் வந்து எத்தனை ஏணி வேண்டும் என்று தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, பீற்றிக்கொள்ளவில்லை, சரி, கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன். டிக்கெட் கேட்டால் கோபித்துக்கொள்கிற இதே சனம், விசேஷத்துக்குக் கூப்பிட்டு மொய் வாங்காவிட்டால் அதற்கும் கோபித்துக்கொள்ளும். அப்படியானால் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு விசேஷம் வை என்றேன். என்ன விசேஷம் வைப்பது, வீட்டில் கல்யாண வயதில் ஆள் இல்லை, பிள்ளைகளுக்குக் காதும் குத்தியாகிவிட்டது. ஆனால் உன் மாமனுக்குச் சின்ன வயதில் ஒரு காது குத்தியதும் திமிறிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டான், மறு காது குத்தாமலே நின்றுபோனது, ஊருக்கே தெரியும். அதை இப்போது குத்து என்றேன். எக்கா, நாப்பத்தஞ்சு வயசு ஆம்பளைக்குக் காதுகுத்தா என்றான். உனக்கு மிளகு வேணுமா மானம் வேணுமா என்றேன். மிளகு என்றான்.

பத்திரிகையில் மேலே காதுகுத்து விழா, கீழே கபடி பைனல் என்று அடித்தோம். வந்தவர்களுக்குச் சந்தனம் கல்கண்டு கொடுத்து நான் நின்றேன், அருள் மொய் எழுத உட்கார்ந்தான். போன வாரம் தோளில் கைபோட்டு ஓசியில் போன மச்சான்கள் எல்லாம் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வரிசையில் நின்று, என்ர பேரைச் சத்தமா மைக்குல சொல்லுங்க என்று எழுதிவிட்டுப் போனார்கள். அந்த ஜவ்வரிசி அத்தனையும் பந்தியில் பாயசமாகத் தீர்ந்தது. தாய்மாமன் மடியில்தானே உட்கார வேண்டும், எங்கள் மாமன் அண்ணாமலை தள்ளாத வயதில் இவனைப் பார்த்துவிட்டு, ஏஞ் சாமி, உன்ன மடியில வெச்சுட்டா அப்பறம் என்னைத் தூக்கீட்டுப் போறது யாரு என்றார். கடைசியில் ஒட்டினாற்போல் உட்கார வைத்துக் குத்தியாகிவிட்டது. மறுநாள் காலையில் வியாபாரியின் பணத்தை அவன் கையில் வைத்துவிட்டோம், மிளகு தப்பித்தது, ஏணி வரவில்லை, உன் அத்தை உலை வைத்துவிட்டாள். இனி மலையில் எந்த வீட்டில் எது நடந்தாலும் மாமன் மொய்யோடு போய் நின்றே ஆக வேண்டும், லீக் ஒரு மாதம்தான், அது அவன் ஆயுசுக்கும். உன் பேரிலும் மொய் எழுதினேன், டைல்ஸ் பணத்தில் மிச்சம் இருந்தது.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். மிளகைப் பொடித்துப் பாலில் போட்டுக் குடி. மறுபடி டைல்ஸுக்கு அனுப்பினால் அப்பா பேருக்கு அனுப்பு, என் கையில் கொடுத்தால் வாலிபால் டீம் வாங்கினாலும் வாங்கிவிடுவேன். அறப்பளீஸ்வரர் புண்ணியத்தில் நீ நோய் நொடி இல்லாமல், நல்ல இடத்தில் வாக்கப்பட்டு, எங்களைப் போலச் சிரித்துக்கொண்டு நெடுங்காலம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு
உன் நல்லதையே நினைக்கும் அம்மா,
அத்தாயி (ஓனர்)

எழுத விட்டுப்போனது: ஆசாரி குத்தியது வலது காதில். குத்தாமல் விட்டிருந்தது இடது காது. பழைய துளை பாதி தூர்ந்து புள்ளியாக இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை, மைக் சத்தத்தில் மாமன் சொன்னதும் கேட்கவில்லை. இப்போது வலது காதில் இரண்டு துளை இருக்கிறது. புண்ணுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டிருக்கிறோம்.