சகலையின் கால்

1978 பிப்ரவரி 4

இன்றும் ஜெயினுலாபுதீன் பாய் கடையில் அண்டாவுக்கு விலை கேட்டோம், நானும் ராஜாராமும். என் வீட்டிலிருந்து பஜார் வழியாக அவன் வீட்டுக்கு நடந்தால், சரியாக அந்தப் பாத்திரக் கடை வாசலில்தான் கெண்டைக்கால் இறுகிப் பிழிகிறது. எனக்கும் அங்கேதான், அவனுக்கும் அங்கேதான். நடுத்தெருவில் சும்மா நின்றால் பார்க்கிறவர்கள் என்ன ஏது என்பார்கள். அதனால் விலை கேட்போம். கொஞ்சம் நின்றால் வலி போய்விடும், கிளம்பிவிடுவோம். "இன்னா வாத்தியாரே, இந்த அண்டாவ நீங்க வாங்குறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான் போலக்கீதே" என்கிறார் பாய்.

ராஜாராம் என் சகலை. என் பெண்டாட்டி பிரபாவதியின் தங்கை சரோஜாவைக் கட்டியவன். கல்பாக்கத்தில் கான்ட்ராக்ட் எடுத்து மாடி வீடு, ஜீப் என்று எல்லாம் ஆகிவிட்டது. மூத்த மாப்பிள்ளை நான். ஆனால் மாமியார் வீட்டில் முதல் இலை அவனுக்கு. அவனிடம் எனக்குப் பிடித்த ஒரே விஷயம், அவனுக்கும் கால் வலிக்கிறது என்பதுதான்.

பிப்ரவரி 13

ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். "செங்கல்வராயன், டிரில் மாஸ்டர் நாற்காலியில உக்காந்துகினு விசில் ஊதினா நல்லாவா கீது? ஜூன் வரைக்கும் பாக்குறேன். இல்லன்னா லைப்ரரிக்கு மாத்திடறேன்" என்றார். லைப்ரரியாம். புத்தகத்தைத் தூசு தட்டவா நான் பிறந்தேன்? ஜில்லாவிலேயே ஓட்டத்தில் கோப்பை வாங்கியவன்டா நான்!

கால் பெருவிரலில் செருப்புக் கடித்த புண் ஒன்று ஆறாமலே இருக்கிறது. பிரபாவதியிடம் காட்டவில்லை.

மார்ச் 2

ராஜாராம் ஜீப்பில் இருவரும் மெட்ராஸ் போனோம். கல்பாக்கத்து எஞ்சினியர் ஒருவர் சொன்ன ஆஸ்பத்திரி. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய டாக்டர். மருந்து ஏற்றி இரண்டு பேர் கால்களையும் படம் எடுத்தார்கள்.

காலுக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பாம். தொடையில் சின்னத் துளை போட்டு, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, அதன் நுனியில் உள்ள பலூனை ஊதி அடைப்பை ஒதுக்கித் தள்ளுவாராம். கத்தி இல்லை, தையல் இல்லை. கேட்டபோதே எனக்கு இப்போதே படுக்கிறேன் என்று இருந்தது.

ஆனால் அது ராஜாராமுக்குத்தான். அவன் அடைப்பு குட்டையாம். என்னுடையது நீளமாம், தொடையில் தொடங்கி முழங்கால் வரை. பலூன் அதைத் தாண்டாதாம்.

அடைப்பில் கூட அவனுக்கு அதிர்ஷ்டம்! கொடுத்து வைத்தவன்.

எனக்கு என்ன வைத்தியம் என்றேன். "நடங்க. வலி வந்தா நில்லுங்க. வலி போனதும் திரும்ப நடங்க. தினமும். சிகரெட்டை விட்டுடுங்க. விரல் புண்ணைத் தினமும் கழுவிக் கட்டுங்க, அது ஆறலைன்னா காலுக்கே ஆபத்து." அவ்வளவுதான். ஒரு டிரில் மாஸ்டருக்கு நடக்கச் சொல்லித் தருகிறார். இதற்கு மெட்ராஸ் வரை போக வேண்டுமா?

இன்னொன்றும் சொன்னார், இருவரையும் பார்த்து: "இது புது வைத்தியம். திறந்த குழாய் எவ்வளவு நாள் திறந்திருக்கும்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாது. சிகரெட் பிடிச்சா மட்டும் கண்டிப்பா அடைக்கும்." ராஜாராம் தலையைத் தலையை ஆட்டினான்.

மார்ச் 17

ராஜாராமுக்கு முடிந்துவிட்டது. நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டான். மாமியார் திருக்கழுக்குன்றத்திலிருந்து தூக்குச்சட்டியில் ஆட்டுக்கால் சூப் கொண்டு வந்தார். எனக்கும் கால்தானே அடைத்திருக்கிறது? ஒரு டம்ளர் எனக்கு ஊற்றினால் குறைந்தா போய்விடும்?

மார்ச் 26

பஜாரில் இருவரும் நடந்தோம். பாய் கடை வந்தது, நின்றேன். அவன் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "நீ வெல கேட்டுகினு வா சகல, நான் முன்னால போய்க்கினு கீறேன்."

வெள்ளை வேட்டி பளபளக்கப் போய்க்கொண்டே இருந்தான். நான் அண்டாவைத் தடவிக்கொண்டு நின்றேன். பாய் இன்று கிண்டல் பண்ணவில்லை. அது இன்னும் மோசம்.

ஏப்ரல் 9

வேண்டுதலாம். குடும்பத்தோடு கழுக்குன்றம் மலை ஏறினார்கள். நான் அடிவாரத்தில் செருப்புக் காவல். மூத்த மாப்பிள்ளைக்கு ஏற்ற வேலை!

உச்சி வேளையில் கழுகு வந்து பொங்கல் தின்றதை அவன் பார்த்தானாம். இறங்கி வந்து, ஏதோ அவனே கழுகுக்கு ஊட்டிவிட்ட மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான். "ஒரு எடத்துல கூட மூச்சு வாங்கல அக்கா, ஜம்முனு ஏறிட்டாரு" என்றாள் சரோஜா. பிரபாவதி என்னைப் பார்த்தாள். பாவம் என்று பார்த்தாள். பெண்டாட்டி பாவம் என்று பார்ப்பதைவிடக் காலை வெட்டிப் போடலாம்.

வயிறு எரிகிறது. எழுதினாலும் எரிகிறது.

ஏப்ரல் 10

இனி சிகரெட் இல்லை. பெட்டியைக் கிணற்றடிச் சாம்பலில் போட்டேன். நாளையிலிருந்து நடக்கிறேன். டாக்டருக்காக இல்லை, ஹெட்மாஸ்டருக்காகவும் இல்லை. அவன் வீட்டு வாசலில் நிற்காமல் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏப்ரல் 22

தினமும் சாயந்திரம் அவன் வீடு வரை நடக்கிறேன். பேப்பர் படிக்க வந்தேன் என்று சாக்கு. உண்மையில் அவன் நடப்பதைப் பார்க்கத்தான் போகிறேன். அவன் மாடிப்படியில் தடதடவென்று இறங்குவதைப் பார்த்துவிட்டு, பொறாமை பத்திக்கொள்ளத் திரும்பி நடக்கிறேன். வழியில் எத்தனை இடத்தில் நிற்கிறேன் என்பது சிவனுக்குத்தான் வெளிச்சம்.

சிகரெட் இல்லாமல் பைத்தியம் பிடிக்கிறது. இன்று பையன்கள் எல்லோரையும் காரணமில்லாமல் முட்டி போட வைத்தேன்.

மே 14

மகாபலிபுரம் போனோம், அவன் ஜீப்பில். மணலில் கால் புதைந்து வலி உயிரை எடுத்தது. எல்லோரும் கடற்கரைக் கோயிலுக்குப் போக, நான் சவுக்குத் தோப்பில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ராஜாராம் தோப்புக்குப் பின்பக்கம் வந்தான். நான் இருப்பதைக் கவனிக்கவில்லை. சிகரெட் பற்ற வைத்தான். சாவகாசமாக, ஒன்றன் பின் ஒன்றாக.

சரோஜாவிடம் சொல்ல வேண்டும். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? அவனே பெரிய மனுஷன், டாக்டர் சொன்னது அவன் காதிலும்தானே விழுந்தது? — இப்படி எழுதினால் சரியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 5

விரல் புண் காய்ந்து பக்கு உதிர்ந்துவிட்டது! கீழே புதுத் தோல். பிரபாவதியிடம் இப்போதுதான் காட்டினேன். "இத்தினி நாளா மறைச்சிகினா இருந்தீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் அந்த விரலைப் பிடித்துத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

ஜூன் 19

பள்ளிக்கூடம் திறந்து முதல் டிரில். மைதானத்தைச் சுற்றி நடந்தேன். ஓடவில்லை, நடந்தேன். ஒரு தடவைதான் நின்றேன், அதுவும் பையன்களைத் திட்டுகிற சாக்கில். ஹெட்மாஸ்டர் ஜன்னலில் நின்று பார்த்தார். லைப்ரரி பேச்சை எடுக்கவில்லை.

ஜூலை 30

பாய் கடையை நிற்காமல் தாண்டினேன். பாய் "வாத்தியாரே, அண்டா?" என்று கத்தினார். "வேற ஆளுக்கு வித்துடு பாய்!" என்று நானும் கத்தினேன். அடுத்து வாழைக்காய் மண்டி வாசலில் வலித்தது. அதனால் என்ன!

செப்டம்பர் 8

மெட்ராஸ் டாக்டரிடம் போனேன், பஸ்ஸில், தனியாக. பாதத்தில் நாடி பிடித்துப் பார்த்தார். "பெரிய ரோடு இன்னும் அடைச்சுத்தான் இருக்கு. ஆனா நீங்க நடந்து நடந்து, பக்கத்துச் சந்துகள் வழியா ரத்தம் போக ஆரம்பிச்சிருக்கு" என்றார். எப்படி விடாமல் நடந்தீர்கள், பாதிப் பேர் ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறார்களே என்று கேட்டார். மனஉறுதி என்றேன். பொறாமை என்று சொன்னால் அதையும் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவாரோ என்னவோ.

அக்டோபர் 15

இன்று கண்ணால் பார்த்தேன். ராஜாராமும் நானும் பஜாரில் நடந்தோம். அவன் திடீரென்று குனிந்து செருப்பு வாரைச் சரி பண்ணினான். கொஞ்ச தூரம் போய் மறுபடியும். அந்தச் செருப்பு புத்தம் புதுசு, வாரில் ஒரு கோளாறும் இல்லை. எனக்குத் தெரியாதா? அண்டாவுக்கு விலை கேட்டவன் நான்.

சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், உள்ளுக்குள் விசில் ஊதினேன். யானைக்கு ஒரு காலம் என்றால் பூனைக்கு ஒரு காலம் வராதா?

வீட்டுக்கு வந்து ரெண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

நவம்பர் 12

சரோஜா ஓடி வந்தாள், தலை கூட வாரவில்லை. "மாமா, அவருக்கு ராத்திரில்லாம் தூக்கமே இல்ல. காலத் தொங்கப் போட்டுகினே உக்காந்து கீறாரு. சுண்டு விரலு கறுத்துப் போச்சு. யாரு கைலயும் சொல்லாதன்னாரு, குறிப்பா உங்க கைல."

குறிப்பாக என்னிடம். சரிதான், நானும் விரல் புண்ணை எல்லோரிடமும் மறைத்தவன்தானே.

நவம்பர் 13

ஜீப்பில் கொண்டு போனோம். என் தோள் மேல் சாய்ந்துகொண்டு வந்தான். உடம்பு அனலாகக் கொதித்தது. கூடுவாஞ்சேரி தாண்டும்போது சொன்னான்: "சிகரெட்ட வுடலடா சகல. கொழாதான் சுத்தமாயிட்ச்சே, இனிமே இன்னா பண்ணப்போவுதுன்னு நெனச்சிகினேன்."

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். சவுக்குத் தோப்பு கண் முன்னால் நின்றது. ஐயோ, அன்றைக்கே சரோஜாவிடம் ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால்? ஏண்டா செங்கல்வராயா, இதுக்குத்தானே வயிறெரிஞ்ச? இப்ப இன்னா, குளுந்துச்சா?

நவம்பர் 15

பலூனை மறுபடியும் விட்டுப் பார்த்தார்களாம். இந்தத் தடவை உள்ளே போகவில்லை. திறந்த இடமும் சேர்ந்து, முன்னைவிட நீளமாக அடைத்துவிட்டதாம்.

நவம்பர் 24

சுண்டு விரலை எடுத்தார்கள். இப்போதைக்குக் கால் தப்பியது. டாக்டர் சொன்னது: புண் ஆறட்டும், அப்புறம் நடக்கட்டும். வலி வந்தால் நிற்கட்டும். அதேதான், என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள்.

மாமியார் சூப் கொண்டு வந்தார். எதிரே நான் நிற்கிறேன், என்னிடம் ஒரு வாய் குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. அப்போதும் லேசாகச் சுருக்கென்றது. என்ன ஜென்மமோ நான்.

1979 ஜனவரி 28

விரல் எடுத்த இடம் ஆறிவிட்டது. ஆனால் ராஜாராம் வெளியே வர மாட்டேன் என்கிறான். தடியை ஊன்றிக்கொண்டு மாடியில் நின்று தெருவைப் பார்க்கிறானாம். சாயந்திரம் போய், "எறங்கி வா சகல, பஜாரு வரைக்கும்" என்றேன். "நீ ஜம்முனு நடப்ப, நான் நொண்டிகினு வரணும், அத ஊரே வேடிக்கை பாக்கணுமா?" என்றான். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷம் என் தொண்டைக்குள் இருந்த குரல்.

எப்படியோ கிளப்பிவிட்டேன். "எப்டி சகல நீ மட்டும் வுடாம நடந்த?" என்று கேட்டான். உன் மேல் வந்த எரிச்சலில் நடந்தேன் என்று எப்படிச் சொல்வேன்? "பழக்கம்தான்" என்றேன்.

அவன் வீட்டிலிருந்து பாய் கடை கூப்பிடு தூரம். அதன் வாசலிலேயே தடி நின்றுவிட்டது. முகம் வெளுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, செருப்பு வாரைச் சரி பண்ணக் குனியப் பார்த்தான். குனிய முடியவில்லை. "நீ போய்க்கினே இரு" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு வலியே இல்லை. வாழைக்காய் மண்டி தாண்டி, இன்னும் அப்பால் வரைக்கும் இப்போது எனக்கு வலிப்பதில்லை. இப்படி ஒரு நாள் வர வேண்டும், இவனை இங்கே நிற்க வைத்துவிட்டு நான் முன்னால் போக வேண்டும் என்று எத்தனை சாயந்திரம் நினைத்திருப்பேன்.

"இரு சகல, எனக்கும் புடிச்சிகினு கீது" என்று கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். நம்பினானோ இல்லையோ, தடியை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தினான். உள்ளேயிருந்து பாய் எட்டிப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் கேட்டுவிட்டேன்.

"பாய், அந்த அண்டா இன்னா வெல?"