படகுத்துறையில் உன் நீல வாளி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். நலம் விசாரித்தே ஒரு பக்கத்தை நிரப்ப எனக்குப் பொறுமை கிடையாது என்பது உனக்குத் தெரியும். ஃபோனில் சொல்லாமல் இந்த மனுஷன் ஏன் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறார் என்று நினைப்பாய். ஃபோனில் பேசினால் உன் அம்மா என் தோளை ஒட்டியே நிற்கிறாள், நான் வாயைத் திறப்பதற்குள் பிடுங்கிக்கொண்டு, இங்க எல்லாம் நல்லாத்தான் போகுது, நீ சாப்பிட்டியா என்று ஆரம்பித்துவிடுகிறாள். இங்கே எல்லாம் நல்லபடியாகப் போகவில்லை. இதை முழுதாகப் படி, படித்துவிட்டு நான் கடைசியில் சொல்வதைச் செய். வெள்ளிக்கிழமை காலைக்குள் செய்தாக வேண்டும்.

நீ கிளம்பிப் போனபோது கடற்கரையில் ஹோட்டல்காரர்களின் சாய்வு நாற்காலிகள் ஒரு வரிசைதான் இருந்தன. அப்புறம் அவற்றைச் சுற்றிக் கயிறு வந்தது, கயிற்றுக்கு ஒரு காவலாளி வந்தார், ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் கடலுக்கு இறங்கும் நம் வழியின் வாயில் ஆளுயரப் பூந்தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். வழியை அடைக்கவில்லையாம், அழகுபடுத்தியிருக்கிறார்களாம். காவலாளி நல்ல மனிதர்தான், குரலை உயர்த்துவதே இல்லை, தாராளமா நடந்து போங்கம்மா, நிக்க மட்டும் கூடாது என்கிறார். நம் ரேடியோ மாமா, பஸ் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் வாய் மட்டும் ஓயாதவர், ஓடிப்போய்ப் பிடிக்க மீன் என்ன பஸ்ஸா சார் என்று கேட்டதற்கு அந்தக் காவலாளியே சிரித்துவிட்டாராம். சிரித்தார், ஆனால் நிற்க விடவில்லை. அப்படியே கரை போய்விட்டது, சண்டையில்லை, கூச்சலில்லை, ஒரு நாள் பார்த்தால் இல்லை. இப்போது மிச்சம் இருப்பது கடலுக்குள் நீளும் அந்தப் பழைய படகுத்துறை ஒன்றுதான். அதையும் அரசாங்கத்தார் ஹோட்டலின் உல்லாசப் படகுகளுக்குக் குத்தகைக்கு விடப் பார்க்கிறார்கள். ஊர்க்காரர்கள் பயன்படுத்தும் துறையைக் குத்தகைக்கு விடக் கூடாது என்று விதி இருக்கிறது, பயன்பாட்டில் இல்லை என்றால் விடலாம். அதைப் பார்த்து எழுத ஒரு அதிகாரியை அனுப்பினார்கள். அங்கேதான் நம் ஆட்கள் செய்த காரியத்தைக் கேள்.

நம் துறையில் வாளிதான் ஆள் என்பது உனக்குத் தெரியும், அந்த அதிகாரிக்கு எப்படித் தெரியும்? கைப்பிடிக் கம்பியில் வாளியைக் கட்டிவிட்டால் அது அவன் இடம், அவன் டீ குடிக்கப் போனாலும் சரி, கடல் தாண்டிப் போனாலும் சரி, இன்னொருத்தன் அங்கே நின்று தூண்டில் போடமாட்டான். வாளிக்காரன் தன் வாயால் விட்டேன் என்று சொன்னால்தான் இடம் கைமாறும். இது நமக்குள் சரி. ஆனால் துறையைப் பயன்படுத்துவோர் அனைவரும் காலையில் துறையில் இருக்கவும் என்று நோட்டீஸ் ஒட்டியபோது, உன் அம்மா உட்பட எல்லோரும் விடிந்ததும் போய் அவரவர் வாளியை நன்றாகத் துடைத்து, முகப்புப் பக்கமாகத் திருப்பிக் கட்டிவிட்டு, தண்ணீர் அசையாமல் நிற்கிற நேரம், மீன் கடிக்காது என்று எதிரே டீக்கடைக்குப் போய்விட்டார்கள். அதிகாரி வந்தார், ஆள் இல்லாத துறையைப் படம் எடுத்தார், பயன்பாடு இல்லை, உடைந்த வாளிகள் குவிந்து கிடக்கின்றன என்று எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ரேடியோ மாமா கையில் டீ கிளாஸோடு பின்னால் ஓடி, சார், வாளி வச்சிருக்கோமே சார் என்று கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டதாம். இதைக் கேள்விப்பட்டபோது தலையில் அடித்துக்கொண்டேன். உன் அம்மாவிடம், வாளிக்கு வாய் இருக்கா, கை தூக்குமா என்று கேட்டேன். அவள், உங்களை மாதிரி வாய் இருக்கிறதெல்லாம் என்ன கிழிச்சுடுச்சு என்று கேட்டுவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் நான் வேலைக்குப் போகாமல் அந்த அதிகாரியின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். கத்தத்தான் போனேன், கொஞ்சம் கத்தவும் செய்தேன். அவர் மின்விசிறியைக் குறைத்துவிட்டு முழுதும் கேட்டார். பிறகு, நான் கண்ணால பார்க்கிறதைத்தான் சார் எழுத முடியும், வாளிய ஆளுன்னு எழுதினா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க என்றார். அதற்கு மேல் என்னால் கோபப்பட முடியவில்லை. பட்டறை வேலைக்கு அளவெடுக்கப் போகிற இடத்தில் நானும் இருக்கிற அளவைத்தான் எழுதுவேன், இருக்க வேண்டிய அளவை இல்லை. கடைசியில் அவரே, இன்னொரு தடவை வருகிறேன், வெள்ளிக்கிழமை காலை, வாளி இருக்கிற இடத்தில் எல்லாம் ஆள் நிற்கட்டும், காலி வாளியைக் காலி என்றுதான் எழுதுவேன் என்றார். இது கடைசித் தடவை என்பதையும் சொல்லித்தான் அனுப்பினார்.

இதற்கிடையில், குத்தகை கிடைத்ததும் ஹோட்டல்காரர்கள் துறை வாயில் மாட்டப்போகிற கதவு எங்கள் பட்டறையில் தயாராக நிற்கிறது. ஆமாம், எங்கள் பட்டறையில்தான், பற்றவைத்ததும் நான்தான். முதலாளி அளவை மட்டும்தான் கொடுத்தார், ஆனால் துறையின் வாய் அகலம் எனக்குத் தெரியாதா, பார்த்ததுமே புரிந்துவிட்டது. சொல்லக் கூடாது, கதவு அருமையாக வந்திருக்கிறது. துருப்பிடிக்காத குழாய், ஒரு விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் போகும், மின்காந்தப் பூட்டு, கார்டு காட்டினால் திறக்கும். போன வாரம் உன் அம்மா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். பற்றவைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். நல்லா இருக்கு, எங்களுக்குத்தானே என்றாள். சாப்பாட்டைத் திறக்காமலே எழுந்தேன். முதலாளியிடம் போய், துறை குத்தகைக்குப் போனால் இதை நான் மாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீ மாட்டலைன்னா வேற ஆள் மாட்டுவான், அதுவும் கோணலா மாட்டுவான், பரவாயில்லையா என்கிறார். கோணலாக மாட்டட்டும். ஆனால் அது வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் உள்ள கதை, அதற்குள் என்ன செய்யலாம் என்பதுதான் இப்போது முக்கியம்.

ஆள் நிறுத்துவது சுலபம் என்று நினைத்தேன். போய் ஒவ்வொரு வாளியாகப் பார்த்தேன், பாதிக்கு மேல் ஆள் இல்லாத வாளி. ஒருத்தன் கப்பலில் இருக்கிறான், ஒருத்தி கல்யாணமாகிப் போய்விட்டாள், தையல்காரருக்கு முட்டி போய்விட்டது, மாடிப்படியே இறங்குவதில்லை. எல்லோருடைய வாளியும் அப்படியே கட்டிக் கிடக்கிறது. துறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது உன் நீல வாளிதான், அதிகாரியின் படத்தில் நட்டநடுவில் இருந்ததும் அதுதான். இன்னொரு பக்கம் நிற்க ஆசைப்படுகிறவர்களுக்கு இடம் இல்லை. ஹோட்டலில் துணி துவைக்கும் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண், கரையை மூடியதிலிருந்து துறைக்கு அடியில் பாசி பிடித்த பாறையில் இறங்கி நின்று தூண்டில் போடுகிறாள். நேற்று வழுக்கி விழுந்து முழங்கை கிழிந்துவிட்டது. உன் அம்மாதான் கட்டுப் போட்டாள். கட்டுப் போட்டாளே தவிர, மேலே வந்து நில் என்று சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு உரிமை இல்லையாம், அந்த இடம் என் மகளுடையது என்கிறாள். அந்தப் பெண்ணும் ஏறவில்லை, பரவாயில்லக்கா, நீலவாளி வந்தா எங்க நிப்பாங்க என்றாளாம். உன்னைப் பார்த்ததே இல்லை, உன் பெயர் அவளுக்கு நீலவாளி.

நேற்று எனக்கும் உன் அம்மாவுக்கும் பெரிய சண்டை. வெள்ளிக்கிழமை ஒரு காலை மட்டும் அந்தப் பெண்ணை அங்கே நிறுத்து, அதிகாரி போனதும் இறக்கிவிடு என்றேன். நாடகம் போடச் சொல்றீங்களா என்றாள். துறையைக் காப்பாத்தத்தானே என்றேன். என் பொண்ணு இடத்தைக் கொடுத்துட்டு எதைங்க காப்பாத்தறது என்றாள். நீ இனி திரும்பி வரப்போவதில்லை என்று அவளிடம் சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். ஏனென்றால் அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லை.

போன மாதம் உன் அம்மா குளித்துக்கொண்டிருந்தபோது நீ என்னிடம் சொன்னாய், அங்கேயே வேலை நிரந்தரமாகிவிட்டது, வீடும் பார்த்துவிட்டேன், அம்மாகிட்ட பக்குவமா நீங்களே சொல்லிடுங்கப்பா என்று. பக்குவமாகச் சொல்ல நான் யார், எனக்கு ஊசியையே ஆணி மாதிரிதான் அடிக்கத் தெரியும். நீ அங்கே இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்ல வேலை, உன் உழைப்பு, இரு. ஆனால் இங்கே ஒருத்தி மழை பெய்யும்போதெல்லாம் உன் வாளியில் நிறைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வருகிறாள், கைப்பிடி துருப்பிடித்ததற்கு என்னிடம் சண்டை போட்டு வயர் சுற்றி வாங்கிப் போனாள். அவளைப் பார்த்துத்தான் மற்றவர்களும் தங்கள் பிள்ளைகளின் வாளியை அவிழ்க்காமல் இருக்கிறார்கள். அவள் ஒன்றை அவிழ்த்தால் மற்றவையும் அவிழும். ரேடியோ மாமா என்னிடம் சொல்லியே விட்டார், உங்க வீட்டம்மா முதல்ல கொடுக்கட்டும், கப்பல்ல இருக்கிறவனுக்கு நான் இன்னைக்கே ஃபோன் போடறேன் என்று. நிற்க ஆள் இருக்கிறது. இடம்தான் வாளிகளின் பிடியில் இருக்கிறது.

அதனால் இதைச் செய். உன் அம்மாவைக் கூப்பிடு, என் ஃபோனில் இல்லை, அவள் ஃபோனில். வீட்டில் இருக்கும்போது வேண்டாம், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள், அழுகிறாளா தேய்க்கிறாளா என்றே தெரியாது. சாயங்காலம் துறையில் தூண்டில் போட்டுக்கொண்டு நிற்கும்போது கூப்பிடு, பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள். என் இடத்தை விட்டேன்மா என்று சொல். அவ்வளவுதான். மீதி அவளுக்கே புரியும், புரியாத மாதிரி திருப்பிக் கேட்டால் மழுப்பாமல் சொல், சுற்றி வளைக்காதே, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஒட்டுப் போடாதே, ஒட்டுப் போட்டது எங்கே விடும் என்று எனக்குத் தெரியும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ மனசு மாறி, இல்லப்பா, நான் திரும்பித்தான் வருவேன் என்றால் அதையும் அவளிடம் நேராகச் சொல். அப்போது வாளி அங்கேயே இருக்கட்டும். அதிகாரி காலி என்று எழுதினால் எழுதட்டும், நானும் அதன் மேல் கை வைக்கமாட்டேன். துறைக்காக நீ பொய் சொல்ல வேண்டாம். எனக்கு வேண்டியது உண்மை, அதுவும் வெள்ளிக்கிழமைக்கு முன்னால்.

மற்றபடி அந்த ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகாதே என்று சொல்லியிருந்தேன், நீ அனுப்பிய படத்தில் மேஜைக்குக் கீழே அது தெரிகிறது, கண்ணில்லை என்று நினைத்தாயா. நேராகச் சுவரில் சொருகு, வயர் சூடாகிறதா என்று கையால் தொட்டுப் பார். புது வீட்டில் முதலில் குழாய் அடைப்பானும் மின்பெட்டியும் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள், திரைச்சீலை அப்புறம் வாங்கலாம். நேரத்துக்குச் சாப்பிடு, இதை உன் அம்மா சொல்லச் சொன்னதாக எழுதுகிறேன், நான் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது, ஆனாலும் சொல்லித்தான் இருப்பாள். வாளியை அவள் அவிழ்த்துக்கொண்டு வந்தால் அதில் செடி வைக்க விடமாட்டேன், கைப்பிடியைப் புதிதாகப் போட்டு வாசல் ஆணியில் மாட்டி வைக்கிறேன். எப்போது விடுமுறைக்கு வந்தாலும் எடுத்துக்கொண்டு போய், யாராவது கொஞ்சம் நகர்ந்துக்குங்க என்று கேட்டு நில். துறை இருந்தால் நகர்வார்கள்.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு, தலை நிமிர்ந்து இரு. இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, அம்மாவுடையது கோபத்தோடு வந்தாலும் வரும்.

இப்படிக்கு,
உன் அப்பா.

பி.கு.: இதை முடிக்கும்போது மழை விட்டிருக்கிறது. உன் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு துறைக்குக் கிளம்பிவிட்டாள், தூண்டிலை எடுத்துக்கொள்ளவில்லை. வாளித் தண்ணீரைக் கொட்டத்தான் போகிறாள். இப்போதே கூப்பிடு.